வியாழக்கிழமைகளில் நீங்கள் எங்கே போகிறீர்கள்

வெள்ளவத்தை
20.01.2025

தர்ஷன்,

இனிமேல் வொய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டாம். நேற்று நீங்கள் அனுப்பியதை ஆருஷா போட்டுக் கேட்டுவிட்டாள். "அப்பா ஏன் நித்திரையில கதைக்கிறார்?" என்று கேட்கிறாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?

போனில் கதைத்தாலும் இதே கரைச்சல்தான். நீங்கள் ஹலோ சொன்ன உடனே, என்ன சொல்ல வருகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. நாக்குத் தடிக்கிறதா என்றுதான் கேட்கிறேன். ஆகவே எழுதுங்கள். கை நடுங்கினால் எழுத்தில் தெரிந்துவிடும். நான் படிப்பிக்கும் மொண்டிசூரி விலாசத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் என் அண்ணா கிஷாந்த் இருக்கிறார். உங்கள் எழுத்தைக் கண்டால் அவர் உறையையும் சேர்த்துக் கிழிப்பார்.

உங்கள் அக்கா நிரோஷா சனிக்கிழமை வந்துவிட்டுப் போனா. "தம்பி இப்ப குடிக்கிறதே இல்ல மிது. கொட்டாஞ்சேனையில ஏதோ கூட்டத்துக்குப் போறான். வியாழக்கிழமைன்னா கரெக்டா கெளம்பிருவான்" என்றா. நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. அவவின் முகம் சுண்டிப் போயிற்று.

நீங்கள் மாறியதை நானும் பார்த்திருக்கிறேன், தர்ஷன். கதிர்காமக் கோயிலுக்குப் போய் வந்து மாறினீர்கள். டொக்டர் தந்த குளிசை போட்டு மாறினீர்கள். அப்படி மாறியிருந்த ஒரு நாளில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து காலி வீதியில் விழுந்தீர்கள். அவளின் புருவத்துக்கு மேலே போட்ட தையலை நான் ஒவ்வொரு நாளும் தலை இழுத்துப் பின்னும்போது பார்க்கிறேன்.

என்ன கூட்டம் அது? யார் நடத்துகிறார்கள்? உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்? இந்தக் கொழும்பில் சும்மா ஒருத்தரும் ஒருத்தருக்கும் கதிரை போட்டு இருத்துவதில்லை.

மிதுனா


கொட்டாஞ்சேனை
24.01.2025

மிது,

வார்ஃபில், துறைமுக வேலை எல்லாம் கம்ப்யூட்டர் ஆன பிறகு நான் பேனாவில் கையெழுத்து மட்டும்தான் போடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

நீ கேட்டதைச் சொல்கிறேன். கிளினிக்கில் ஒரு டொக்டர், "மருந்து மட்டும் போதாது, உங்களை மாதிரி ஆட்களோடு போய் உட்காருங்கள்" என்றார். எங்கே சார் என்று கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை, தேடிப் பாருங்கள் என்றார். தேடினேன். முதலில் கொழும்பு ஏழில் ஒரு இடம். எல்லாரும் காரில் வந்து இறங்கி இங்கிலீஷில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலோடு திரும்பிவிட்டேன். பிறகு தெஹிவளையில் ஒரு விலாசம் கிடைத்தது. போய்ப் பார்த்தால் அங்கே இப்போது டியூஷன் நடக்கிறது. கடைசியாக ஒரு நம்பருக்கு அடித்தேன். ஹெக்டர் என்று ஒருவர் எடுத்தார். த்ரீவீலர் ஓட்டுகிறவர். "இப்ப குடிச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நல்லது. வியாழக்கிழமை பின்னேரம் வாங்க. குடிச்சிருந்தாலும் வாங்க" என்றார். அதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

இங்கே ஒரு சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற ஹோலில்தான் கூட்டம். யாரும் நடத்துவதில்லை. ஒருவர் சிங்களத்தில் பேசுவார், அடுத்தவர் தமிழில் பேசுவார். மொழிபெயர்ப்புக் கிடையாது, ஆனாலும் சரியான இடத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். முகத்துவாரத்தைச் சேர்ந்த றொசானா என்று ஒரு பெண். குடித்துவிட்டுக் கராம்பு மென்றுகொண்டு பூசைக்குப் போவேன், பாதருக்கு மணக்காது என்று நினைத்தேன், கடைசியில் அவருக்குக் கராம்பு வாசம் வந்தாலே நான் வருகிறேன் என்று தெரியுமாம், என்று சொன்னாள். ஹெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். முடியும்போது எல்லாரும் சேர்ந்து ஒரு பிரார்த்தனை சொல்வார்கள். கதிரைகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

நான் இப்போது தொடுவதில்லை. ஆருஷாவைப் பார்க்க வேண்டும்.

தர்ஷன்


வெள்ளவத்தை
29.01.2025

தர்ஷன்,

சர்ச் ஹோல், பிரார்த்தனை, இதற்கு மேல் நான் என்ன கேட்க வேண்டும்? எங்கள் ஃபிளட்ஸில் மேல் மாடியில் இருந்த அன்ரி முழங்கால் நோவுக்கு ஜெபிக்கிறார்கள் என்று போனவ. மூன்றாம் மாதம் பிள்ளையார் படத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டா. நோவு அப்படியே இருக்கிறது. குடியை நிற்பாட்டுவதற்கு உங்களிடம் சாமியை மாற்றச் சொன்னால் மாற்றுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு வந்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்பீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் சொன்னாள், இவர் சிரித்தார், கதிரை சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றைக்கூடப் பார்த்ததாக எழுதவில்லை. சுவர் என்ன நிறம்? அந்த றொசானாவுக்கு என்ன வயது? ஒரு பெண்ணின் பெயரையும் ஊரையும் எழுதத் தெரிந்த உங்களுக்கு அவளின் முகத்தை எழுதத் தெரியவில்லை. ஒன்று, இந்தக் கூட்டமே பொய். அல்லது, அவளைப் பற்றி எழுதுவதில் ஏதோ கவனமாக இருக்கிறீர்கள்.

தொடுவதில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் போதாது. அங்கே பொறுப்பாக இருக்கிறவரிடம், நீங்கள் ஒழுங்காக வருகிறீர்கள் என்று எழுதி வாங்கி அனுப்புங்கள். பிறகு பிள்ளையைக் காட்டுவதைப் பற்றிக் கதைப்போம்.

மிதுனா


கொட்டாஞ்சேனை
07.02.2025

மிது,

ஹெக்டரிடம் கேட்டேன். அவருக்கு எல்லாரும் தம்பி, மல்லிதான். "மல்லி, இங்க தலைவரும் இல்ல, ரப்பர் ஸ்டாம்பும் இல்ல. யார் வாறாங்கன்னு பொலிஸ் கேட்டாலும் நாங்க சொல்றதில்ல" என்றார். என்னால் வேறு என்ன செய்ய முடியும்? சுவர் நீலம். றொசானாவுக்கு அறுபது வயது இருக்கும், பல் கட்டியிருக்கிறாள். போதுமா? சாமியை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி என்கிறார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். புதன்கிழமை உன் அண்ணா நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவை. நம் கல்யாணத்துக்குக்கூட வராதவர், தேயிலைத் தோட்டத்து ஆளுக்குத் தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர், என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டார். ஆருஷாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கத் தகப்பன் சம்மதம் வேண்டுமாம். ஏன் என்றேன். ஏப்ரல் லீவுக்குச் சென்னை போகப் போகிறீர்களாம்.

சென்னைக்குப் போகிறவர் அவ்வளவு பவ்வியமாகப் பேச மாட்டார், மிது. ராசிக்கை உனக்குத் தெரியும், என்னோடு வேலை செய்கிறவன். அவன் அன்றைக்குப் பக்கத்தில் நின்றான். "மச்சான், உன் பொஞ்சாதியோட அக்கா டொரோண்டோவுல தானே?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை.

என்னிடம் ஒவ்வொரு வாரமும் அத்தாட்சி கேட்கிறாய். நீ எனக்கு என்ன அத்தாட்சி தருவாய்?

தர்ஷன்


வெள்ளவத்தை
11.02.2025

தர்ஷன்,

சென்னைதான். நம்பாவிட்டால் விடுங்கள்.

கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான் எழுதச் சொன்னேன். இந்தக் கடிதத்தில் றொசானாவைப் பற்றிய வரி மட்டும் மற்ற வரிகளைவிட மிகவும் நேராக இருக்கிறது.

மிதுனா


வெள்ளவத்தை
21.02.2025

தர்ஷன்,

நேற்று வியாழக்கிழமை. நான் வந்தேன்.

அண்ணாவிடம் மொண்டிசூரியில் மீட்டிங் என்று சொல்லி ஆருஷாவை விட்டுவிட்டு, மட்டக்குளி பஸ்ஸில் ஏறி வந்தேன். அந்தச் சர்ச் ஹோலைக் கண்டுபிடிக்க நான் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். உங்களைப் பிடிக்க வந்தவள், என்னைக் குடிகாரி என்று நினைத்துவிடுவார்களோ என்று முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அதுதான் நடந்தது. வாசலில் நின்ற ஒரு பிள்ளை, "முதல் நாளா? பயப்படாதீங்க, நான் மூணு தரம் வந்து திரும்பிப் போனவ" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி தந்தாள். முப்பது வயதுகூட இராது. அவள்தான் றொசானா. அவளின் பற்கள் எல்லாம் சொந்தப் பற்கள். ஹோலின் சுவர் மஞ்சள்.

ஹெக்டரிடம் போய்க் கேட்டேன். "தர்ஷன் எண்டு ஒருத்தர் இஞ்ச வாறவரோ? நான் அவற்ர மனுசி." அவர் கோபிக்கவில்லை. "யார் வாறாங்க, யார் வரல்லன்னு சொல்றதில்ல தங்கச்சி. நாளைக்கு ஒருத்தர் வந்து உங்களப் பத்திக் கேட்டாலும் சொல்ல மாட்டோம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோப்பையை அவர் மேல் வீசியிருப்பேன்.

ஆனால் அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை. கடைசி வரைக்கும் இருந்தேன். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் பார்த்தேன். நீங்கள் வரவில்லை. நீங்கள் ஒரு நாளும் அந்தக் கதவுக்குள்ளே வந்ததில்லை. வந்திருந்தால் மஞ்சளை நீலம் என்று எழுத மாட்டீர்கள்.

ஓம், டொரோண்டோதான். அக்கா ஸ்பொன்சர் பண்ணுகிறா. அந்தச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பொய்யனிடம் பொய் சொன்னதற்கு எனக்குக் கவலை இல்லை.

மிதுனா


கொட்டாஞ்சேனை
21.02.2025

மிது,

நேற்று நீ பேசியதை நான் கேட்டேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளும் நான் உள்ளே போகவில்லை. கதவு வரைக்கும் போவேன். அதற்கு மேல் கால் வராது. உள்ளே போனால் நான் அதுதான் என்று ஆகிவிடும், இல்லையா? அதனால் சைக்கிள்கள் நிறுத்துகிற பக்கம், யன்னலுக்குக் கீழே சுவரோடு நிற்பேன். எல்லாம் கேட்கும், ஒன்றும் தெரியாது. உனக்கு எழுதியதெல்லாம் அங்கே நின்று கேட்டது. நீ நிறம் கேட்டபோது வாய்க்கு வந்ததை எழுதினேன். ஹெக்டருக்கு நான் நிற்பது தெரியும். "வெளியே நின்னாலும் நீங்க வந்த ஆள்தான்" என்பார். தொடுவதில்லை என்று எழுதியதும் பொய். வியாழக்கிழமை தொட மாட்டேன். மற்ற நாட்களுக்கு நான் உறுதி சொல்ல முடியாது.

நேற்றும் அங்கேதான் நின்றேன். றொசானா, "புதுசா வந்தவங்க ஏதாவது சொல்ல விரும்பினா சொல்லலாம், கட்டாயமில்ல" என்றாள். பிறகு உன் குரல். நான் குடித்திருக்கிறேனோ என்று நினைத்தேன். குடித்திருக்கவில்லை.

"நான் குடிக்கிறேல்லை. நான் மணந்து பார்க்கிறனான்" என்றாய். யாரோ சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. "அவர் குடிச்ச கிளாஸை மணந்து, தலகணியை மணந்து, பல்லுத் தீட்டுற பிரஷ்ஷை மணந்து, இப்ப அவர் வீட்டில இல்லை, ஆனா பிள்ளையின்ர தண்ணிப் போத்தலை மணக்காமல் என்னால மூடி போட ஏலாமக் கிடக்கு. மொண்டிசூரியில ஒரு பிள்ளையின்ர தகப்பன் வந்து கதைச்சா அவற்ர வாயைத்தான் பார்க்கிறன். இது எப்ப நிக்கும் எண்டு ஆரும் சொல்லுங்கோ" என்றாய். பிறகு நீ கதிரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

நீ வெளியே வந்தபோது நான் ஒரு லொறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உன்னைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. நீ பஸ் ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு வருஷம் நீ என் பக்கத்தில் படுத்திருந்தாய். தலகணியை மணந்தாய் என்று எனக்குத் தெரியாது.

தர்ஷன்


வெள்ளவத்தை
28.02.2025

தர்ஷன்,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையது திங்கட்கிழமை வந்தது. வாசித்துவிட்டு நான் அழுவேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். யாரோ உள்ளே இருந்தவர் உங்களுக்குப் போன் அடித்து ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். பொலிஸுக்கும் சொல்ல மாட்டார்களாம், புருஷனுக்குச் சொல்வார்களாம் என்று நினைத்தேன். ஹெக்டரா, றொசானாவா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஆகவே நேற்று திரும்பவும் வந்தேன். உள்ளே போகவில்லை. நீங்கள் எழுதிய இடத்தில், சைக்கிள்களுக்குப் பக்கத்தில், சுவரோடு போய் நின்றேன். கேட்கிறது. மூக்குறிஞ்சுவதுகூடக் கேட்கிறது. அது சரி, நீங்கள் சொன்னது உண்மை.

ஆனால் சுவரோடு நீங்கள் இல்லை. உள்ளேயும் உங்கள் குரல் கேட்கவில்லை. வியாழக்கிழமை தொட மாட்டேன் என்று எழுதிய ஆள் எங்கே?

பாதியில் றொசானா வெளியே வந்தாள். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. அந்த இடத்தில் ஆள் நிற்பது அவர்களுக்குப் பழகிப் போயிருக்கிறது போல. "அக்கா, உங்களுக்கு இது இல்ல. குடிக்கிறவங்கட வீட்டாக்களுக்கு வேற கூட்டம் இருக்கு. பம்பலப்பிட்டியில, செவ்வாய்க்கிழமை. நான் வேணுமெண்டா வாசல் வரைக்கும் வாறன்" என்றாள். எனக்கு என்ன வருத்தம், என்ன நோய், நான் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அவள் கையிலிருந்த தேத்தண்ணியை நீட்டினாள். நான் கோப்பையை வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மணந்து பார்த்தேன். கை தானாகப் போயிற்று. அவளுக்கு முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கே போனீர்கள் நேற்று?

மிதுனா


கொட்டாஞ்சேனை
07.03.2025

மிது,

அன்று குடித்தேன்.

உன் கடிதம் வந்த நாளில் தொடங்கினேன். டொரோண்டோ என்று எழுதியதால் குடித்தேன் என்று சொல்ல வந்தேன். அப்படி எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். நல்ல செய்தி வந்திருந்தாலும் குடித்திருப்பேன். வேலைக்குப் போகவில்லை. நிரோஷா அக்கா வந்து கதவைத் தட்டினா, திறக்கவில்லை. முதலாளியிடம் ராசிக்தான் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறான்.

நேற்று உள்ளே போனேன். தைரியத்தில் போகவில்லை. மழை. சுவரோடு நிற்க இடமில்லை, தண்ணீர் கொட்டுகிறது. ஹெக்டர் யன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மல்லி, நனையாம உள்ள வந்து வெளிய நில்லுங்களேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போய்க் கடைசிக் கதிரையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது பெயரைச் சொன்னேன். குடிகாரன் என்று சொன்னேன். மகளைக் கீழே போட்டவன் என்றும் சொன்னேன். அதுவரை எல்லாரிடமும், உன்னிடமும், "விழுந்துட்டோம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். நாங்கள் விழவில்லை. நான் போட்டேன்.

இதை நீ நம்ப வேண்டும் என்று எழுதவில்லை. சத்தியம் பண்ணவும் இல்லை. என் சத்தியத்துக்கு என்ன பெறுமதி என்று உனக்குத் தெரியும். விசாரித்தாலும் அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போட மாட்டேன். உன்னைப் பழிவாங்க இல்லை. போட்டால் ஏப்ரலில் ஆருஷா இந்த ஊரில் இருக்க மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. பயம் என்று சொல்வது நல்லது என்று நேற்று ஒருவர் சொன்னார். அதனால் சொல்கிறேன்.

தர்ஷன்


வெள்ளவத்தை
12.03.2025

தர்ஷன்,

நேற்று பம்பலப்பிட்டிக்குப் போனேன். றொசானா சொன்னபடி வாசல் வரைக்கும் வந்தாள். படியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். "அவர் போன வியாழன் வந்தவரோ?" என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆகவே அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

அங்கே இருந்தவர்கள் ஒருவர்கூட எனக்குப் புத்தி சொல்லவில்லை. ஒரு சிங்கள அம்மா, கோட்டையில் ஏதோ பெரிய உத்தியோகத்தில் இருந்தவவாம், இருபது வருஷமாகக் கணவரின் காற்சட்டைப் பைகளைத் துழாவியதைச் சொன்னா. அவர் இறந்த பிறகும், துணிகளைக் கொடுத்துவிடுவதற்கு முன்னால், ஒவ்வொரு பையாகத் துழாவினாவாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவவும் சிரித்தா. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை நம்புகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன், எழுத்து வரவில்லை. நம்பவில்லை என்று எழுதவும் வரவில்லை. இரண்டையும் எழுதாமல் அனுப்புகிறேன்.

அண்ணாவிடம் பாஸ்போர்ட் விஷயத்தில் இனி உங்களிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அவன் திரும்பக் குடிப்பான், அப்ப என்னட்ட வராதை" என்றார். குடிக்கக்கூடும் என்றுதான் நானும் சொன்னேன். அதைக் கேட்டு அவர் எழும்பிப் போய்விட்டார். அக்காவுக்கு நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. போகவே மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குத் தரவும் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆருஷாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன், வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். நீங்களும் வரலாம். குடித்திருந்தால் வராதீர்கள், ஏன் வரவில்லை என்று நான் பிறகு கேட்க மாட்டேன். அண்ணாவும் வருவார், தடுக்க என்னால் முடியவில்லை. அவர் தள்ளி ஒரு கல்லில் இருப்பார். நீங்கள் அவரோடு கதைக்க வேண்டியதில்லை, முறைக்கவும் வேண்டாம்.

பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வரும்போது, யன்னலில் இருப்பவர்களுக்குக் கை காட்ட வேண்டும் என்று அவள் தன்னைத் தூக்கச் சொல்வாள். இப்போது பாரமாகிவிட்டாள், என்னால் தூக்க ஏலாது. நீங்கள் தூக்குங்கள். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

மிதுனா